பட்டமின்றிக் கணினித் தொழில் புகுதல்: மதுரை வட்டாரத்தில் பிணை நின்றவர்கள்

கல்லூரிப் பட்டம் தொழிலுலகில் இரு வேறு பணிகளைச் செய்துவருகிறது. ஒன்று, கற்பித்தல்; மற்றொன்று, கற்றவரை முன்பின் அறியாத ஒருவருக்கு அவரைப் பற்றி உறுதி சொல்லுதல். இரண்டும் ஒரே தாளில் ஒரே முத்திரையோடு வந்து சேர்வதால், அவை பிரிக்க இயலாதவை என்ற எண்ணம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் நிலைத்துவிட்டது. கணினித் தொழிலைப் பொறுத்தவரை இவ்விரண்டும் பிரிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. நிரல் எழுதுதல், அதாவது கணினி செய்ய வேண்டியதை அதற்கு விளங்கும் கட்டளைகளாக எழுதித் தருதல், இன்று ஒரு கைப்பேசியும் இணைய இணைப்பும் உள்ள எவரும் கற்கத்தக்க கலையாகிவிட்டது. ஆனால் கற்றுக்கொண்டேன் என்று ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதை நம்பிச் சம்பளம் கொடுக்க எந்த நிறுவனமும் முன்வருவதில்லை. ஆகவே பட்டமில்லாத இளைஞருக்கு உண்மையில் இல்லாதது கல்வி அன்று, பிணை. வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுபவர் கடன் திரும்பாவிட்டால் தாமும் மாட்டிக்கொள்வார் என்பதால்தான் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு. அதுபோலத் தம் பெயரைப் பணயம் வைத்து "இவருக்கு வேலை தெரியும்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பகுதிகளிலும் பட்டமில்லாதவர்களுக்காக அவ்வாறு பிணை நின்றவர்கள் யார், அந்தப் பிணை எதுவரை செல்லுபடியாயிற்று என்பதே இவ்வுரையின் பொருள்.

இதே கேள்வி ஆப்பிரிக்க நகரங்களிலும் எழுகிறது. ஆனால் அங்கே அது எழும் காரணம் வேறு. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது கல்லூரி வயதில் இருப்போரின் தொகையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்திருப்போரின் அளவு, யுனெஸ்கோ கணக்குப்படி நூற்றுக்கு ஏறத்தாழ 9தான். நைஜீரியாவில் இடம் கிடைத்தவர்களுக்கும் வகுப்பு நிச்சயமில்லை. 2022இல் அந்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் வேலைநிறுத்தம் பிப்ரவரி 14இல் தொடங்கி எட்டு மாதம் நீடித்தது. வாசல் குறுகியதாகவும், திறந்தாலும் திடீரென்று மூடிக்கொள்வதாகவும் இருக்கும் இடத்தில் பட்டத்துக்காகக் காத்திராமல் வேறு வழி தேடுவது இயல்பு. தமிழ்நாட்டிலோ நிலைமை தலைகீழ். 2021-22க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இங்கே அவ்விகிதம் 47. இந்தியச் சராசரி 28.4. அமெரிக்கன் கல்லூரி 1881 முதலும், தமிழ்நாடு பாலிடெக்னிக் 1946 முதலும், தியாகராசர் பொறியியற் கல்லூரி 1957 முதலும், காமராசர் பல்கலைக்கழகம் 1966 முதலும் இயங்கும் மதுரையில், நகரிலிருந்து எந்தச் சாலையில் புறப்பட்டாலும் சற்றுத் தூரத்துக்குள் ஒரு கல்லூரிப் பேருந்து எதிரே வந்துவிடும். பொறியியல் கலந்தாய்வு முடியும்போது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது.

அப்படியிருந்தும் ஒருவர் பட்டமின்றித் தொழிலுக்குப் போக நினைப்பதற்குக் காரணம் கட்டணம் மட்டும் அன்று. நான்கு ஆண்டுகள் ஒரு வீட்டில் ஒரு வருமானம் குறைவது என்பது சித்தாள் வேலைக்கும் பூ கட்டும் வேலைக்கும் போகும் தாய்மார் உள்ள குடும்பத்தில் கட்டணத்தைவிடப் பெரிய செலவு. அதோடு, பட்டம் பரவலாகிவிட்ட இடத்தில் அதன் உறுதிமொழி நீர்த்துப்போகிறது; அரியர் வைத்து அரியர் வைத்து ஒருவழியாகப் பி.இ. முடித்தவர் உணவு விநியோக வண்டி ஓட்டுவதைத் தெருவே பார்த்திருக்கும்போது, அதே தெருவில் பிளஸ் டூ முடித்தவர் தயங்குவதைக் குறைசொல்ல இயலாது. ஆப்பிரிக்க இளைஞரைப் பட்டத்தின் அருமை வேறு வழிக்குத் தள்ளுகிறதென்றால், மதுரை இளைஞரை அதன் மலிவு தள்ளுகிறது.

கல்லூரி வாயிலாக அல்லாமல் தொழில் கற்பது இவ்வட்டாரத்துக்குப் புதிதும் அன்று. 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டுத் தொடங்கி, பின்னர் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் மோட்டார்த் தொழிலை இந்நகரின் அன்றாட வாழ்வோடு இணைத்தது. பட்டறையில் கைப்பழக்கமாகத் தொழில் கற்பதை இந்நகரம் இழிவாக எண்ணியதில்லை. கோவையின் ஜி.டி. நாயுடு இக்கருத்தை ஒரு படி மேலே கொண்டுபோனார். பள்ளிப்படிப்பையே முடிக்காத அவர் 1945இல் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வேண்டியதில்லை, குறுகிய காலத்திலேயே அதைக் கற்பித்துவிடலாம் என்ற தம் கொள்கையை அரசு ஏற்காததால் அதிலிருந்து விலகினார். அந்த நிறுவனமே பிற்காலத்தில் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. தொழிற்பழகுநர் என்பவர் ஒரு நிறுவனத்தில் உதவித்தொகை பெற்றுக்கொண்டே வேலை பழகுபவர். மதுரை கோ. புதூரில் உள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றில் ஃபிட்டர், டர்னர் படித்து வெளிவருவோர் இந்த வழியாகவே ஆலைகளுக்குள் போனார்கள். ஆனால் இவையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்குள்ள தொழில்கள். மேசையும் நாற்காலியும் உள்ள வேலைக்குப் பட்டமில்லாதவரை அழைத்துச் சென்ற வழி வேறொன்று; இவ்வுரையின் நோக்கில் அதுவே மிகவும் கூர்ந்து பார்க்கத்தக்கது.

அது தட்டச்சு. 1970, 80களில் மதுரையின் சந்துகளிலும் வட்டத் தலைநகர்களிலும் மாடிப்படிக்கு மேல் ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு ரெமிங்டன் பொறிகளை வைத்துக்கொண்டு நடந்த தட்டச்சுப் பயிலகங்கள், பத்தாம் வகுப்பு முடித்த ஒரு தலைமுறையின் மாலை நேரங்களை எடுத்துக்கொண்டன. ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று இடக்கையும், அரைப்புள்ளியிலிருந்து எல், கே, ஜே, எச், ஜே என்று வலக்கையும் தாள் நிரம்பும்வரை மீண்டும் மீண்டும் அடித்து, விரலுக்கு வழி தெரிந்த பிறகே சொற்களுக்குப் போவார்கள். அங்கே கற்பித்தது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயிற்சிக்கு மதிப்புக் கொடுத்தது பயிலகம் அன்று. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்திய அரசுத் தேர்வு. ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்ற அளவு மாநிலம் முழுவதற்கும் ஒன்று. தேர்வெழுதுபவர் தம் பயிலகத்தை விட்டு வேறொரு மையத்துக்குப் போய், முன்பின் பார்த்திராத கண்காணிப்பாளர் எதிரில் அடித்த தாளை, அவரை அறியாத யாரோ திருத்துவார். கற்பிப்பவரும் மதிப்பிடுபவரும் வேறு வேறு ஆட்கள். அதனால் "ஹையர் பாஸ்" என்ற இரண்டு சொற்களை ஒரு வழக்கறிஞரோ, நூற்பாலை மேலாளரோ, அரசுப் பணியாளர் தேர்வாணையமோ மறுபேச்சின்றி நம்பினார்கள். தட்டச்சர் பணிக்கு இன்றும் தேர்வாணையம் கேட்பது பத்தாம் வகுப்பும் அந்தச் சான்றிதழும்தான். பின்னர் அதோடு சேர்ந்துகொண்ட, அலுவலகக் கணினிப் பயன்பாட்டுக்கான தனிச் சான்றிதழையும் அதே இயக்ககமே தேர்வு வைத்து வழங்குகிறது. பட்டமில்லாதவருக்கு அரசே பிணை நின்ற வழி இது. எளிய ஏற்பாடாக இருந்தும் அதன் அமைப்பு குறையற்றது என்றே சொல்ல வேண்டும்.

தட்டச்சுப் பொறிகள் இருந்த மாடிகளுக்கே 1990களில் கணினி மையங்கள் வந்தபோது அந்த அமைப்பு உடைந்தது. 1981இல் தொடங்கிய என்.ஐ.ஐ.டி., 1986இல் தொடங்கிய ஆப்டெக் முதலிய அகில இந்திய நிறுவனங்களின் கிளைகளும், அவற்றைப் பார்த்துத் தெருவுக்கொன்றாக முளைத்தவையும் கோர்ஸ் விற்றன; கோர்ஸின் முடிவில் சான்றிதழையும் தாமே தந்தன. விற்பவரே தரத்துக்கும் சான்று கூறும்போது அச்சான்றின் விலை என்னவென்று சந்தை விரைவில் கண்டுபிடித்துவிடும். பட்டத்தோடு அந்தச் சான்றிதழை வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். அதை மட்டும் வைத்திருந்தவர்கள் டி.டி.பி. மையங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் நின்றுவிட்டார்கள். மைய அரசு 1990இலேயே 'ஓ லெவல்' என்ற பொதுத் தேர்வை ஏற்படுத்தியிருந்தது. எங்கே படித்தவரும் எழுதக்கூடிய, வெளியாள் மதிப்பிடும் தேர்வு அது. அதைத் தட்டச்சுத் தேர்வைப் போல ஊர்தோறும் அறிந்த பெயராக்குவதற்குரிய முயற்சி தமிழ்நாட்டில் நடந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. இன்றும் நகரின் சுவர்களில் காணப்படும் "100% பிளேஸ்மென்ட்" என்ற விளம்பரங்கள் அந்தப் பழைய குறையின் தொடர்ச்சியே. அவற்றினும் கீழ்ப்பட்டது, பணம் வாங்கிக்கொண்டு இல்லாத அனுபவத்துக்குக் கடிதம் தயாரித்துத் தரும் கன்சல்டன்சி வணிகம். பொய்ப் பிணையால் உள்ளே போனவர் பின்னணிச் சரிபார்ப்பில், அதாவது முந்தைய வேலை விவரங்களை நிறுவனம் விசாரித்தறியும் கட்டத்தில், வெளியேற்றப்படும்போது கன்சல்டன்சியின் கதவு பூட்டிக் கிடக்கும்.

இச்சூழலில் புதிய வகைப் பிணையாளர் ஒருவர் வந்தார். அவர் வேலை கொடுப்பவரே. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிப் பிறகு ஜோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம், 2005இல் ஆறு மாணவர்களோடு ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்திப் பார்த்தது. பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்து, ஆங்கிலம், கணக்கு, நிரலாக்கம் ஆகியவற்றை இரண்டு ஆண்டுக் காலம் கற்பித்துத் தன் வேலைக்கே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இன்று 'ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங்' எனப்படும் அப்பள்ளி, மதுரைக்குத் தென்மேற்கே தென்காசியிலும் நடக்கிறது. 2011இல் அங்கே அலுவலகம் திறந்த அந்நிறுவனத்தின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு, சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் பட்டங்கள் பெற்ற பின்னரே பட்டம் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தவர் என்பது ஒரு சுவையான முரண். இந்த ஏற்பாட்டின் வலிமை வெளிப்படையானது. கற்பித்தல் சரியில்லையென்றால் நட்டம் கற்பித்தவருக்கே, ஏனென்றால் அந்த மாணவரை வைத்து வேலை வாங்கப்போவது அவரே. ஆனால் இதைப் பற்றிய வெற்றிக் கதைகளில் ஒரு குறை உண்டு: உள்ளே போனவர்களின் கதையே சொல்லப்படுகிறது; நுழைவுத் தேர்வில் நின்றுபோனவர்கள் பன்மடங்கினர், அவர்களைப் பற்றி எந்த மலரிலும் கட்டுரை வருவதில்லை.

மதுரைக்கு இன்னும் நெருக்கமான முயற்சி எச்.சி.எல். நிறுவனத்துடையது. அதை 1976இல் தொடங்கிய சிவ நாடார் தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழியில் பிறந்து, மதுரை இளங்கோ மாநகராட்சிப் பள்ளியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் படித்தவர். மதுரையில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களை அமைத்தது. வடபழஞ்சி நெடுங்காலம் ஆளரவமின்றிக் கிடந்ததை நகரவாசிகள் அறிவர். இந்நகரில் கிளை பரப்பிய எச்.சி.எல்., 2010களின் பிற்பகுதியில் 'டெக்பீ' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பிளஸ் டூவில் கணிதமோ வணிகக் கணிதமோ படித்தவர்கள் ஒரு திறனறி தேர்வெழுதிச் சேர்ந்து, பன்னிரண்டு மாதங்களில் முற்பகுதியை வகுப்பிலும் பிற்பகுதியை உண்மையான வேலைக்களத்திலும் கழித்து, முழுநேரப் பணியாளராகிறார்கள். ஜோஹோ பள்ளிக்கு மாறாக இங்கே கட்டணம் உண்டு. அதற்கு வங்கிக் கடனும், அரசுப் பள்ளி மாணவருக்குப் பள்ளிக் கல்வித் துறை வழியான உதவியும் ஏற்பாடாகியிருக்கின்றன. தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாயை ஒட்டியது. பொறியியல் பட்டதாரிக்குப் பெரிய சேவை நிறுவனங்கள் கொடுக்கும் தொடக்கச் சம்பளம் பல ஆண்டுகளாக மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்பதை நினைவில் கொண்டால், இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதன்று. ஆனால் பட்டதாரி முதல் சம்பளம் வாங்கும் நாளில் மற்றவர் மூன்றாண்டு அனுபவத்தோடு நிற்பார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இத்தகைய பயிற்சியாளர்கள் உள்ளே சென்றதும் செய்யும் வேலை என்ன என்பதை வீடுகளில் பலர் அறிவதில்லை. பெரும்பாலும் அது நிரல் எழுதுவதில் தொடங்குவதில்லை. பிறர் எழுதிய நிரலைச் சோதிப்பதில் தொடங்குகிறது. ஒரு பயணச்சீட்டு முன்பதிவுப் படிவம் சோதனைக்கு வருகிறது என்று கொள்ளலாம். சோதிப்பவர் கைப்பேசி எண்ணுக்குரிய கட்டத்தில் பதினோரு இலக்கங்களை இடுவார். பிறந்த தேதியில் பிப்ரவரி 30 என்று இடுவார். பெயரின் கடைசிப் பகுதிக்குரிய கட்டத்தில் ஒரே ஓர் எழுத்தை இட்டுப் பார்ப்பார். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாமல் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் தமிழ்ப் பெயரை அந்தப் படிவம் "குறைந்தது இரண்டு எழுத்து தேவை" என்று திருப்பியனுப்பினால், அது ஒரு பக், அதாவது வழு. அவ்வழுவை எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில், எதை இட்டபோது, எது நடக்க வேண்டியிருக்க எது நடந்தது என்று நான்கு வரிகளில், இன்னொருவர் அதேபோல் செய்து பார்க்கும்படி எழுதிப் பதிவுசெய்ய வேண்டும். படிவத்தை எழுதியவருக்கு வராத ஐயம் ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் இனிஷியல் மாறிப்போய் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்த வீட்டுப் பிள்ளைக்கு முதல் நாளே வரக்கூடும். இவ்வேலைக்குப் பொறுமையும், தெளிவாக எழுதும் ஆங்கிலமும் வேண்டும். நான்கு ஆண்டுப் பொறியியல் வேண்டியதில்லை. வடபழஞ்சியில் இயங்கும் பினாக்கிள் இன்ஃபோடெக் செய்யும் கட்டட மாதிரியாக்கம், அதாவது எழுப்பப்போகும் கட்டடத்தைக் குழாய், கம்பி வரை கணினியில் முன்கூட்டியே எழுப்பிப் பார்க்கும் பணியும், வரைபடப் பழக்கத்தில் உயிர்த்திருக்கும் தொழிலே.

வேலை கொடுப்பவர் நிற்கும் பிணைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைப் பார்க்க மீண்டும் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். 2014இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் தொடங்கிய ஆண்டெலா என்ற நிறுவனம், பட்டத்தைக் கட்டாயமாக்காமல் அறிவுத்திறன் தேர்வின் வழியாக இளைஞர்களை எடுத்து, கற்கும் காலத்திலேயே சம்பளம் கொடுத்து, தொலைவிலிருந்தே அமெரிக்க நிறுவனங்களுக்கு வேலைசெய்யும் நிரலர்களாக ஆக்கியது. மார்க் ஸக்கர்பெர்க் தம்பதியரின் அமைப்பு 2016இல் அதில் 2.4 கோடி டாலர் முதலீட்டுக்குத் தலைமை தாங்கியபோது அது உலகச் செய்தியாயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில், நைஜீரியா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் நானூறு பேர் அளவுக்கு இளநிலை நிரலர்களை அதே நிறுவனம் வெளியேற்றியது. அவர்கள் கற்றதில் குறையில்லை. வாடிக்கையாளர்கள் அனுபவமுள்ளவர்களையே கேட்டார்கள், புதியவர்களுக்குக் கேட்பாரில்லை என்பதே நிறுவனம் கூறிய காரணம். பிணை நின்றவர் ஒருவரே என்றால், அவர் கையை எடுத்துக்கொள்ளும் நாளில் பயிற்சி பெற்றவர் கையில் மிஞ்சுவது என்ன என்ற கேள்வி ஆண்டெலா நிகழ்ச்சியால் எழுகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எளிய சோதனைகளையும் சிறு நிரல்களையும் தாமே செய்யத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில், இளநிலைப் பணிகளையே முதற்படியாக நம்பியுள்ள மதுரை இளைஞருக்கும் இக்கேள்வி பொருந்தும்.

டெக்பீ திட்டத்தை வகுத்தவர்களும் இதை உணர்ந்தவர்களாகவே தெரிகிறார்கள். பிலானி பிட்ஸ், சாஸ்திரா போன்ற பல்கலைக்கழகங்களில் வேலையோடு சேர்த்துப் பட்டம் படிக்க அத்திட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். பட்டத்தைத் தவிர்ப்பதற்கான வழி என்று பேசப்படுவது, நெருங்கிப் பார்த்தால், பட்டத்தைத் தள்ளிப்போடுவதற்கான வழியே. ஏனெனில் பட்டம் வேறு மூன்று வாசல்களில் மீண்டும் வந்து நிற்கிறது. முதலாவது பதவி உயர்வு. இரண்டாவது வெளிநாடு: அமெரிக்காவின் எச்-1பி விசா இளங்கலைப் பட்டத்தையோ அதற்கு ஈடானதையோ கேட்கிறது; ஈடு காட்டுவதென்றால், குறைந்துள்ள ஒவ்வொரு கல்லூரி ஆண்டுக்கும் மூன்றாண்டு அனுபவம் காட்ட வேண்டும் என்பதால், கல்லூரியே போகாத ஒருவர் பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தோடு போய் நிற்க வேண்டும். மூன்றாவது வாசலைப் பற்றி நிறுவன அறிக்கைகள் பேசுவதில்லை. அது கல்யாணச் சந்தை. மாதம் அறுபதாயிரம் சம்பாதிக்கும் மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு போகும் விவரக் குறிப்பில் "பிளஸ் டூ" என்று எழுத நேரும் பெற்றோரின் சங்கடத்தை மதுரை வட்டாரத்துத் தரகர்கள் நன்கு அறிவார்கள்.

இவ்விடத்தில் சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். படிப்பு கவனிக்கத்தக்கது. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு இல்லை; பிளஸ் டூ முடித்தவர் நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். முழுப் பட்டம்வரை போகாதவர் அடிப்படைச் சான்றிதழோடும், டிப்ளமோவோடும், பி.எஸ்சி.யோடும் இடையிடையே இறங்கிக்கொள்ளலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. பாடம் இணையத்தில் நடந்தாலும் தேர்வைக் குறித்த ஊரின் மையத்துக்கு நேரில் போய்க் கண்காணிப்பாளர் எதிரில்தான் எழுத வேண்டும். இந்தியாவின் மிகப் பெயர்பெற்ற பொறியியல் நிறுவனமொன்று 2020களில் வந்தடைந்த ஏற்பாடு, அடிப்படையில் பழைய தட்டச்சுத் தேர்வின் ஏற்பாடே: எங்கே வேண்டுமானாலும் கற்கலாம், ஆனால் உறுதி சொல்பவர் நேரில் பார்த்தே சொல்வார். ஆங்கிலத்தில் மட்டுமே நடப்பது அதன் பெரிய தடை. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவருக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைவிடப் பாடத்தின் ஆங்கிலமே கடினமாக இருக்கும்.

தமிழ்வழி மாணவருக்கு உதவியோர் சிலரும் உண்டு. 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழும் அதைச் சேர்ந்தோரும் லினக்ஸ், மைஎஸ்கியூஎல், பைத்தான் ஆகியவற்றை எளிய தமிழில் நூல்களாக்கி விலையின்றித் தந்திருக்கிறார்கள். 2011இல் தொடங்கிய அரசின் மடிக்கணினித் திட்டம் பிளஸ் டூ மாணவர் கைகளில் கணினியைச் சேர்த்தது. அவற்றில் விண்டோஸோடு கட்டற்ற மென்பொருளான பாஸ் லினக்ஸும் இருந்தது என்றாலும், அந்த இரண்டாவதைத் திறந்து பார்த்தவர்கள் சிலரே. கட்டற்ற மென்பொருள், அதாவது மூல நிரல் எவரும் படித்துத் திருத்தும்படி வெளியில் வைக்கப்பட்டுள்ள மென்பொருள், பட்டமில்லாதவருக்கு மற்றொரு வகைப் பிணையைத் தருகிறது. ஒருவர் செய்த திருத்தம், அதை ஏற்றவர் கேட்ட கேள்விகள், இவர் அளித்த விடைகள் எல்லாம் தேதியோடு பொதுவெளியில் நிற்கும். வேலை கொடுப்பவர் சான்றிதழைப் பார்க்காமல் வேலையையே பார்க்கலாம். ஆனால் இவ்வழி சொல்லப்படுமளவு எளிதன்று. ஊதியமின்றி ஓராண்டு இரண்டாண்டு உழைக்கும் வசதி உள்ளவருக்கே அது பயன்படுகிறது. பட்டத்தைத் தவிர்க்கும் தேவை அத்தகையவருக்கு அரிதாகவே ஏற்படுகிறது. நத்தம் சாலையில் 2023 ஜூலை 15இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் காலை முதல் இரவு வரை அமர்ந்திருக்கும் இளைஞர்களில் பெரும்பகுதியினர் அரசுப் போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கிறார்கள் என்பதும் தற்செயல் அன்று. அங்கே பிணை நிற்பது அரசு. அது கையை எடுத்துக்கொள்ளாது என்று குடும்பங்கள் நம்புகின்றன.

அரசின் பங்கைப் பற்றிப் பேசும்போது ஒரு முரண்பாட்டைச் சுட்டியாக வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இலும், மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9இலும் தொடங்கின. கல்லூரி, பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலையம் ஆகியவற்றில் நேரடியாகச் சேர்ந்தவர்கள் இவற்றால் பயன்பெறுகிறார்கள். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தவர்களுக்கு இவை பொருந்துவதில்லை. மேலூர்ப் பகுதியின் ஓர் அரசுப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரு மாணவியரில், ஒருத்தி கல்லூரியில் சேர்ந்து அவ்வப்போது வகுப்புக்குப் போனாலும் மாதம் ஆயிரம் பெறுவாள். மற்றவள் பகலில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற்று, பயிற்சிக் கடனுக்குத் தவணை கட்டி, இரவில் தொலைநிலையில் பட்டம் படித்தால் அந்த ஆயிரம் அவளுக்கு இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் படிப்பவரை உயர்கல்வி பெறுபவராக ஏற்கனவே ஏற்றுக்கொண்ட அரசாணைக்கு, அரசே பள்ளிகளில் அறிமுகம் செய்து ஆள் சேர்த்துத் தரும் டெக்பீ போன்ற ஒரு பயிற்சியை அதே பட்டியலில் சேர்ப்பது பெரிய காரியம் அன்று. அதற்குத் தேவைப்படுவது நிதியைவிட ஒரு விதித் திருத்தமே.